மாயூரம் முன்சீப்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

தமிழின் முதல் நாவல் எது, அதை இயற்றியவர் யார் என்னும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு நாம் எல்லோரும் விடை எழுதியிருக்கிறோம். 'பிரதாப முதலியார் சரித்திரம்', 'மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை' என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த 'முன்சீப்' என்ற சொல்லை ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. கீழ் வகுப்புத் தங்கை ஒருத்தி அது அவருடைய வீட்டுப் பெயர் என்றே எண்ணியிருந்தாளாம். ஆகவே இவ்வாண்டு மலரில் நாவலாசிரியரை விட்டுவிட்டு முன்சீப்பைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தோம். ஒரு சிறிய ஊரில், ஒரு சிறிய நீதிமன்றத்தில் உட்கார்ந்து வரப்புச் சண்டைகளையும் கடன் வழக்குகளையும் கேட்டுத் தீர்ப்பு எழுதிய ஒருவரின் கதை இது.

முன்சீப் என்பது அரபு மொழியிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த சொல். நியாயம் வழங்குபவர் என்று பொருள். ஆங்கிலேயக் கம்பெனி ஆட்சியில் சர் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 1816ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் புதிய சட்டங்கள் செய்யப்பட்டன. அவற்றின்படி ஊருக்கு ஒரு கிராம முன்சீப்பும், பல ஊர்களைச் சேர்த்து ஒரு ஜில்லா முன்சீப்பும் நியமிக்கப்பட்டார்கள். இந்த இருவரையும் ஒருவராக எண்ணிக் குழம்புதல் கூடாது. கிராம முன்சீப் என்பவர் வரி வசூலும் பார்த்து, சில்லறை வழக்குகளையும் கேட்ட ஊர் அதிகாரி. 1980ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அப்பதவி ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஜில்லா முன்சீப்போ முழு நேர நீதிபதி. அவருடைய நீதிமன்றம் இன்றும் இருக்கிறது. இப்போது பலகையில் 'மாவட்ட உரிமையியல் நீதிமன்றம்' என்று எழுதுகிறார்கள். ஆனால் வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டால் 'முன்சீப் கோர்ட்' என்றுதான் வழி சொல்வார்.

நம் பக்கத்துப் பூந்தமல்லியில் நீதிமன்றங்கள் உண்டு. பூந்தமல்லி கோர்ட் என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வருவது ராஜீவ் காந்தி கொலை வழக்கு. அங்கிருந்த தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று அவ்வழக்கில் தீர்ப்புக் கூறிற்று. உலகமே பார்த்த வழக்கு அது. ஆனால் நாள்தோறும் கையில் துணிப்பையும் அதற்குள் பத்திரமுமாகப் பேருந்திலிருந்து இறங்கும் மக்கள் அப்படிப்பட்ட வழக்குகளுக்கு வருகிறவர்கள் அல்லர். கிணற்றில் யாருக்குப் பங்கு, சந்தில் யார் நடக்கலாம், வாங்கிய கடன் அடைந்ததா இல்லையா என்பவை அவர்கள் வழக்குகள். இவற்றை முதலில் கேட்பவர் முன்சீப். அவர் யாரையும் தூக்கு மேடைக்கு அனுப்ப முடியாது. குற்ற வழக்குகளைக் கேட்பவர் மாஜிஸ்திரேட் எனப்படும் நடுவர். ஆயினும் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ஐந்து சென்ட் நிலம் போவதும் நிற்பதும் முன்சீப்பின் பேனாவில்தான் இருக்கிறது.

இனி நம் முன்சீப்பிடம் வருவோம்.

வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை, தாயார் ஆரோக்கிய மரியம்மாள். அவருடைய பாட்டனார் மதுரநாயகம் பிள்ளை காலத்தில் அக்குடும்பம் சைவத்திலிருந்து கத்தோலிக்க மறைக்கு வந்தது. திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப் பிள்ளை என்பவரிடம் சிறுவன் வேதநாயகம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். ஆசிரியரே கோர்ட்டு மனிதராக இருந்ததால் மாணவரும் அதே வழியில் போனதில் வியப்பில்லை. முதலில் நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் ரிக்கார்டு கீப்பர் வேலை. பிறகு மொழிபெயர்ப்பாளர் வேலை. கட்டுக் கட்டாகப் பழைய வழக்குக் காகிதங்கள் நடுவே ஓர் இளைஞர் உட்கார்ந்திருப்பதை நாங்கள் கற்பனை செய்து பார்க்கிறோம். பிற்காலத்தில் அவர் செய்ததற்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் என்றால் என்ன வேலை என்பதைச் சற்று விளக்க வேண்டும். அந்நாளில் மேல் நீதிமன்றத்து நீதிபதிகள் ஆங்கிலேயர்கள். சாட்சி சொல்ல வரும் குடியானவர் தமிழில் பேசுவார். அவர் பேசியதும், அவருடைய பத்திரமும், பிராதும் எல்லாம் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். துரை சொன்னது தமிழுக்குத் திரும்பி வர வேண்டும். நடுவில் ஒரு சொல் பிசகினால் ஒருவனுடைய வயல் இன்னொருவனுக்குப் போய்விடும். இந்த நடுவிடத்தில் பல ஆண்டுகள் இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. பின்பு முன்சீப் தேர்வில் தேறி, 1857ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். டேனிஷ்காரர்கள் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கிருந்து சீர்காழிக்கும், பிறகு மாயூரத்துக்கும் வந்தார். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள். அதனால்தான் ஊர்ப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. (அவ்வூருக்கு 1982ஆம் ஆண்டு மயிலாடுதுறை என்ற பழம் பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. 2020இல் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. முன்சீப் மட்டும் இன்னும் மாயூரத்திலேயே இருக்கிறார்!)

அவர் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. மனைவியர் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோக, அவர் பலமுறை மணம் செய்துகொள்ள நேர்ந்தது. இக்காலத்தில் இதைப் படிக்கும் நமக்கு முதலில் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் அந்நாளில் பிரசவம் என்பது பெண்களுக்கு எத்தகைய கண்டம் என்பதை நினைத்தால் சுளிப்பு மாறிவிடுகிறது. பகலில் ஊரார் குடும்ப வழக்குகளைக் கேட்டுவிட்டு, மாலையில் தாயில்லாப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிய நீதிபதி அவர். அவர் பாடிய கீர்த்தனைகளில் குடும்ப சம்பந்தமான கீர்த்தனைகள் என்றும் உத்தியோக சம்பந்தமான கீர்த்தனைகள் என்றும் தனிப் பகுதிகளே உண்டு. வீட்டுத் தொல்லையையும் ஆபீஸ் தொல்லையையும் ராகம் போட்டுப் பாடியவர் அவருக்கு முன்னே யாராவது இருந்தார்களா என்று நாங்கள் எங்கள் பாட்டு ஆசிரியையைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, 'எல்லோருக்கும் இருந்திருக்கும், இவர் எழுதி வைத்தார்' என்றார். அக்கீர்த்தனைகள் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' என்னும் பெயரில் 1878ஆம் ஆண்டு வெளிவந்தன. அவர் உறுதியான கத்தோலிக்கர். 1873இல் தேவமாதா மீது அந்தாதி பாடினார். ஆனால் இந்தக் கீர்த்தனைகளை எந்தச் சமயத்தாரும் தம்முடையதாகப் பாடலாம். கச்சேரி மேடைகளில் இன்றும் பாடுகிறார்கள்.

மாயூரம் அக்காலத்தில் எத்தகைய ஊர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவ்வூரில் வாழ்ந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அங்கேதான் இருந்தார். 1871ஆம் ஆண்டு பதினாறு வயதுப் பையனாக உ. வே. சாமிநாதையர் மகாவித்துவானிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்ததும் அந்த மாயூரத்துக்கே. நம்மைவிட ஒரு வயதுதான் மூத்தவர்! அருகில் திருவாவடுதுறை மடம். அதன் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். சைவ மடத்துத் தலைவரும் கத்தோலிக்க முன்சீப்பும் நண்பர்கள். முன்சீப் தேசிகரைப் புகழ்ந்து பாடல் எழுதினார். முன்சீப் சீர்காழியில் இருந்தபோது அவர் விருப்பப்படி மகாவித்துவான் 'சீகாழிக் கோவை' இயற்றினார். முன்சீப்பின் மீதே 'குளத்துக் கோவை' என்று ஒரு நூலும் பாடினார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியபோது வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைக் கொடுத்துப் பசித்தவர்களைக் காத்தார். அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றி ஒரு கீர்த்தனை பாடினார். பாரதியார் மனிதர்களைப் பாடுவது அரிது என்பதால் இது பெரிய சான்றிதழ்.

அமெரிக்காவின் டெக்சஸ் போன்ற தென் மாநிலங்களில் கவுண்டி நீதிபதி என்று ஒருவர் இருக்கிறார். அவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாலை, வரவு செலவு முதலிய உள்ளூர் நிர்வாகத்தையும் அவர் கவனிப்பார். நம் நாட்டு முன்சீப் தேர்வு எழுதி வருபவர். நிர்வாகம் அவர் வேலையன்று. ஆனால் வேதநாயகம் பிள்ளை மாயூரம் நகரசபைத் தலைவராகவும் பணியாற்றினார். ஆகவே ஒரு சிற்றூரின் நீதியும் தெருவும் இரண்டும் ஒரு மனிதர் கையில் இருப்பது எப்படியிருக்கும் என்பதை மாயூரமும் கண்டிருக்கிறது.

அது நிற்க. அவர் செய்த எல்லாவற்றிலும் எங்களை மிகவும் கவர்ந்தது நாவல் அன்று, கீர்த்தனையும் அன்று. 1862ஆம் ஆண்டு வெளிவந்த 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூல். இதைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். சென்னை மாகாணத்தின் மேலான நீதிமன்றமாக அக்காலத்தில் இருந்தது சதர் கோர்ட். 1862இல்தான் அதற்குப் பதிலாக உயர் நீதிமன்றம் ஏற்பட்டது. அந்தச் சதர் கோர்ட் 1805 முதல் 1861 வரை கூறிய தீர்ப்புகளின் சாரத்தை எடுத்து, வேதநாயகம் பிள்ளை தமிழில் தந்தார். 56 ஆண்டுத் தீர்ப்புகள்! அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. சம்பளத்தில் ஒரு காசு கூடவில்லை. சட்டம் என்பது ஆங்கிலம் படித்தவர் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கக்கூடாது என்று அவர் நினைத்தார்.

இது ஏன் பெரிய காரியம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். எங்களில் ஒருத்தியின் பாட்டி ஆவடிப் பக்கத்தில் இருக்கிறார். வீட்டை ஒட்டிய துண்டு நிலத்துக்காகப் பல ஆண்டுகளாக வழக்கு. கீழ்க் கோர்ட்டில் தமிழில் தீர்ப்பு வந்தது, புரிந்தது. எதிர்க்கட்சிக்காரர் அப்பீல் போனார். அப்பீலின் முடிவு ஆங்கிலத்தில் வந்தது. வக்கீல் வெளியூர் போயிருந்தார். பாட்டி அந்தக் காகிதத்தைப் பேத்தியிடம் நீட்டி, "கான்வென்டுல படிக்கிறியே கண்ணு, நான் ஜெயிச்சேனா தோத்தேனா, அதை மட்டும் சொல்லு" என்றார். அவளும் படித்தாள். எங்களிடம் கொண்டு வந்தாள். நாங்களும் இடைவேளையில் சுற்றி உட்கார்ந்து படித்தோம். ஒவ்வொரு சொல்லும் அகராதியில் இருந்தது. வாக்கியம் மட்டும் பிடிபடவில்லை. அப்பீல் தள்ளுபடி என்றால் பாட்டிக்கு நல்லதா கெட்டதா? ஒன்பது நாள் கழித்து வக்கீல் வந்துதான் சொன்னார், பாட்டி ஜெயித்துவிட்டார் என்று. ஜெயித்த செய்தி ஒன்பது நாள் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. அந்த ஒன்பது நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பேத்தி சொன்னாள்.

வேதநாயகம் பிள்ளைக்கு இத்தகைய பாட்டிகளை நன்றாகத் தெரியும். 1879ஆம் ஆண்டு வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும் இதைக் கொண்டு வந்து வைத்தார். கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டின் அரசனாகவே ஆகிவிடுகிறாள். நீதிமன்றங்களில் தமிழில் வாதாட வேண்டும் என்ற பேச்சு அந்நாவலில் விரிவாக வருகிறது. நீதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், வழக்காடுவோரும் தமிழர் என்றால், நடுவில் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது யாருக்காக என்பதே அங்கே எழும் கேள்வி. ஒரு முன்சீப் உத்தியோகத்தில் கண்டதை நாவலில் போட்டு உடைத்துவிட்டார்.

அவர் கேட்டது எப்போது நடந்தது? தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. ஆனால் கீழ் நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்க வழி செய்த திருத்தம் 1976ஆம் ஆண்டில்தான் செய்யப்பட்டது. நாவல் வந்து 97 ஆண்டுகள் கழித்து! உயர் நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலமே. அங்கும் தமிழ் வேண்டுமென்று 2006ஆம் ஆண்டு நம் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது. உச்ச நீதிமன்றத்தின் இசைவு கிடைக்கவில்லை. பல மாநிலத்து நீதிபதிகள் மாறி மாறி வந்து அமரும் இடம் அது, ஆகவே பொதுமொழி ஒன்று வேண்டும் என்று மறுபக்கத்தார் சொல்வதிலும் பொருள் இல்லாமல் இல்லை. எங்கள் கருத்து என்னவென்றால், வாதம் எந்த மொழியில் நடந்தாலும், முடிவு என்ன என்பதை ஒரு பக்கமாவது தமிழில் எழுதிப் பாட்டியின் கையில் கொடுக்கலாம். 1862இல் ஒருவர் தனி ஆளாக 56 ஆண்டுத் தீர்ப்புகளைத் தந்தார் அல்லவா?

பெண்கல்வி பற்றி அவர் எழுதியதை மாணவியராகிய நாம் சொல்லாமல் விடுதல் முறையன்று. 1869ஆம் ஆண்டில் 'பெண்மதி மாலை'யும் 'பெண்கல்வி' என்ற உரைநடை நூலும், அடுத்த ஆண்டு 'பெண்மானம்' என்ற நூலும் வெளியிட்டார். மாயூரத்தில் பெண்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பெண்ணுக்கு எழுத்துத் தெரிந்தால் குடும்பம் கெட்டுவிடும் என்று பேசிய காலம் அது. ஆயினும் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பெண்மதி மாலையில் கணவனுக்கு அடங்கி நடத்தல் பற்றிய அறிவுரைகளும் நிறைய உண்டு. ஞானாம்பாளும் அவ்வளவு திறமையாக அரசாண்டுவிட்டு, கடைசியில் அரியணையை விட்டு வீடு திரும்பிவிடுகிறாள். இதைப் பற்றி எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதம். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை அரியணையில் உட்கார வைத்ததே பெரிது என்று பாதிப் பேர். உட்கார வைத்தவர் ஏன் எழுப்பினார் என்று பாதிப் பேர். சிஸ்டர் வந்து மணி அடித்த பிறகும் முடியவில்லை.

லஞ்சத்தைப் பற்றியும் அவர் விட்டுவைக்கவில்லை. முன்சீப் ஆன சில ஆண்டுகளிலேயே எழுதிய 'நீதிநூல்' என்னும் செய்யுள் நூலில் கைக்கூலிக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. கையூட்டு நடமாடும் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு அதை எழுதியிருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வதிகாரத்தைப் படித்து யார் யார் முகம் மாறியதோ!

1887ஆம் ஆண்டு தம் இரண்டாம் நாவலான 'சுகுண சுந்தரி'யை வெளியிட்டார். இளம் வயதுத் திருமணத்தை அதில் கண்டித்தார். 1889 ஜூலை 21ஆம் நாள், தம் 62ஆம் வயதில், மாயூரத்திலேயே காலமானார். அவர் வழியில் வந்தவர்களில் ஒருவர்தான் இசையமைப்பாளரும் நடிகருமான விஜய் ஆண்டனி என்று அறிந்தபோது எங்கள் வகுப்பில் ஒரு நிமிஷம் பாடமே நின்றுபோயிற்று. கீர்த்தனை பாடிய வீட்டில் இசை தங்கிவிட்டது போலும்.

ஞானாம்பாளை எழுப்பிவிட்ட நாற்காலியில் உண்மையாகவே ஒரு பெண் உட்கார இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1937ஆம் ஆண்டு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அன்னா சாண்டி என்ற அம்மையார் முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். இந்திய நாட்டின் முதல் பெண் நீதிபதி அவரே; 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் ஆனார். அடுத்து, 1958இல் கேரளத்தில் முன்சீப்பாகத் தொடங்கிய பாத்திமா பீவி அம்மையார் 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். பின்னர் நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். இருவருக்கும் முதல் படி முன்சீப் கோர்ட்டுதான். 2024ஆம் ஆண்டு ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஒருவர் 23 வயதில் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றதாகச் செய்தி வந்தது. குழந்தை பெற்ற இரண்டாம் நாள் மலையிலிருந்து சென்னைக்குக் காரில் வந்து தேர்வு எழுதினாராம். அந்தச் செய்தித் துணுக்கை எங்கள் வகுப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

எங்கள் வகுப்பில் மூன்று பேர் சட்டம் படிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். அவர்களில் பாட்டியின் பேத்தியும் ஒருத்தி. அவர்களுக்காக விசாரித்து வந்த செய்தி இது. முன்சீப் ஆக முதலில் சட்டப் பட்டம் வேண்டும். பிறகு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் சிவில் நீதிபதித் தேர்வு. அதன் முதன்மைத் தேர்வில் நான்கு தாள்கள். மூன்று தாள்கள் சட்டம். மற்றொன்று மொழிபெயர்ப்பு: சாட்சியின் வாக்குமூலத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் பெயர்த்து எழுத வேண்டும். அதற்கு நூறு மதிப்பெண்.